விழிஞத்துக் கடலலை மின்நிலையம்

திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் விழிஞம் என்னும் கடற்கரையூர் உள்ளது. ஆய் மன்னர் காலத்திலேயே துறைமுகமாக விளங்கிய இவ்வூரின் பெயர், 2025 மே மாதத்தில் அங்கே பெருங்கப்பல் துறைமுகம் முறையாகத் திறந்துவைக்கப்பெற்ற பின்னர் நாடெங்கும் தெரிந்ததாகிவிட்டது. அதற்கு ஏறத்தாழ முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, அவ்வூர் மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை அடுத்து, கடலலையைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. 1991 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தின் பணி 2011-ல் நிறுத்தப்பட்டது.

கடற்கரை வட்டாரங்களில் பணிபுரியும் ஊழியர்களும் ஆசிரியர்களும் இந்நிலையத்தைப் பற்றி இருவகைக் கூற்றுக்களைக் கேட்டிருத்தல் கூடும். வற்றாத சக்தி கண்ணெதிரே இருக்க, அதனைப் பயன்படுத்தாது விட்டுவிட்டார்கள் என்பர் சிலர். அலை மின்சாரம் என்பதே வெறுங்கனவு, பணம் கடலில் கொட்டப்பட்டது என்பர் வேறு சிலர். விழிஞத்தில் நிகழ்ந்தது என்ன என்பதைப் பௌதிக விதிகளைக்கொண்டு அறிந்தவர் இவ்விரண்டில் எதனையும் ஒப்புக்கொள்ளார். கேள்வி கேட்கும் மீனவருக்கும் மாணவருக்கும் அளிக்கத்தக்க விடை சற்று நீண்டது. அதனையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

அலை சுமந்துவரும் சக்தி

கரையில் நின்று காண்போருக்கு, அலையோடு நீரும் தொலைவிலிருந்து ஓடிவருவதாகத் தோன்றும். அலை உடையும் இடத்துக்கு அப்பால் மிதக்கும் ஒரு கட்டையை நோக்கினால் உண்மை புலப்படும். அலை வரும்போது கட்டை உயர்ந்து சற்று முன்செல்கிறது. அலை கடந்ததும் தாழ்ந்து பின்வந்து, ஏறக்குறைய முன்னிருந்த இடத்தையே அடைகிறது. நீர்த்துகள்கள் வட்டமாகச் சுழல்கின்றனவேயன்றி நெடுவழி செல்வதில்லை. நெடுவழி செல்வது சக்தியே. காற்றானது கடற்பரப்பை உராய்ந்து வீசுங்கால் தன் சக்தியில் ஒரு பகுதியை நீரிடம் ஒப்படைக்கிறது. காற்றுக்கு மூலம் சூரிய வெப்பமாதலின், அலையின் சக்தியும் முடிவில் சூரியனிடம் பெற்றதேயாகும்.

தென்கேரளக் கரையை வந்தடையும் அலைகள் யாவும் அருகில் வீசும் காற்றால் எழுந்தவை அல்ல. இந்து மகாசமுத்திரத்தின் தென்கோடியில் புயற்காற்றுக்களால் பிறந்த நீண்ட அலைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து, உள்ளூரில் இலையசையாத நாளிலும் இங்கு வந்து மோதுவதுண்டு. வானம் தெளிந்திருக்கையில் எதிர்பாராது கரையேறும் இத்தகைய பெருக்கைக் கேரள மீனவர் ‘கள்ளக்கடல்’ என வழங்குவர். திருடனைப்போல் அரவமின்றி வருவதால் இப்பெயர். விஞ்ஞானிகளும் இன்று இச்சொல்லையே எடுத்தாளுகின்றனர்; ஐதராபாதிலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னறிவிப்பும் வழங்கிவருகிறது.

அலையின் திறனைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. அலைகளில் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரி உயரத்தை மீட்டரில் குறித்துக்கொள்க. உயரம் என்பது பள்ளத்திலிருந்து முகடு வரை உள்ள அளவாகும். அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கி, ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட காலத்தால் (விநாடிக் கணக்கில்) மீண்டும் பெருக்கி, இரண்டால் வகுத்தால், ஒரு மீட்டர் அகலமுள்ள அலைமுகப்பு கொண்டுவரும் திறன் ஏறத்தாழ இத்தனை கிலோவாட் என்று கிடைக்கும். ஆழ்ந்த நீருக்கான தோராயக் கணக்கு இது. பள்ளி வகுப்புக்குப் போதுமானது.

உதாரணமாக, உயரம் 0.8 மீட்டர், காலம் 9 விநாடி எனக் கொண்டால் மீட்டருக்கு ஏறத்தாழ 2.9 கிலோவாட் கிடைக்கும். காலம் மாறாது உயரம் மட்டும் 2.4 மீட்டராக ஏறினால் 26 கிலோவாட் ஆகிவிடுகிறது. உயரம் மூன்று மடங்காயிற்று. திறனோ ஒன்பது மடங்காயிற்று. விழிஞத்தின் கதை முழுவதும் இந்த ஒன்பதில் அடங்கியிருக்கிறது என்று கூறினும் பொருந்தும். ஓய்ந்த கடலுக்கேற்பச் சிறிய யந்திரத்தை அமைத்தால், ஆனி ஆடி மாதங்களில் வரும் பெருஞ்சக்தி பயனின்றிக் கழியும். யந்திரத்துக்கு ஊறும் நேரலாம். கொந்தளிக்கும் கடலுக்கேற்பப் பெரிய யந்திரத்தை அமைத்தால், ஆண்டின் எஞ்சிய மாதங்களில் அது அரைவயிற்றுடன் சுழலவேண்டும்.

விழிஞம் நிலையத்தின் மின்திறன் 150 கிலோவாட் என ஏடுகளில் காணப்படுகிறது. இந்த எண்ணை எச்சரிக்கையுடன் கொள்ளவேண்டும். அது ஜெனரேட்டர் தாங்கவல்ல உச்ச அளவு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரி 75 கிலோவாட்டும், டிசம்பர் முதல் மார்ச் வரை 25 கிலோவாட்டும் கிடைக்கும் என்பதே திட்டத்தில் குறிக்கப்பட்ட அளவாகும். எட்டு மாதத்தையும் நான்கு மாதத்தையும் சேர்த்துச் சராசரி கண்டால் ஆண்டு முழுமைக்கும் 58 கிலோவாட் ஆகிறது. நடைமுறையில் கிட்டியது அதனினும் குறைவு. மின்நிலையங்களைப் பற்றிய செய்தி எதனைப் படித்தாலும், தரப்பட்டுள்ள எண் உச்சமா, சராசரியா என்று கேட்கும் பழக்கத்தை மாணவரிடம் உண்டாக்குதல் நன்று. காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் இக்கேள்வி அதே அளவில் பொருந்தும்.

நீர்த்தம்பமும் காற்றறையும்

அலை சக்தி பற்றிய ஆராய்ச்சியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 1980-களின் முற்பகுதியில் தொடங்கினர். மத்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறை பொருளுதவி அளித்தது. மிதவைகளைக் கொண்டு சக்தியைப் பெறும் முறைகளும் ஆராயப்பட்டன. இறுதியில் தேர்ந்தெடுக்கப்பெற்றது ‘ஊசலாடும் நீர்த்தம்பம்’ எனும் முறை. ஊசல் என்னும் சொல்லை நம் பாடநூல்கள் கயிற்றில் தொங்கும் குண்டுக்கே ஒதுக்கிவிட்டன. மேலும் கீழுமாக அசையும் நீருக்கும் அதே விதி பொருந்துவதால், மொழிபெயர்ப்பில் இச்சொல்லையே ஆளுவது தகுமென்று கருதினோம்.

இதன் அமைப்பு மிக எளியது. அடிப்புறம் கடலை நோக்கித் திறந்த பெருங் காங்கிரீட் பெட்டி ஒன்று கடலடியில் அமர்த்தப்படுகிறது. அதன் திறப்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், பெட்டியின் மேற்பகுதியிலுள்ள காற்று வெளியேற வழியின்றி அடைபட்டிருக்கும். வெளியே அலை உயரும்போது உள்ளேயுள்ள நீர்த்தம்பமும் உயர்ந்து காற்றை அழுத்தும். அலை தாழும்போது தம்பமும் தாழ்ந்து காற்றை உள்ளிழுக்கும். கூரையில் ஒரு குறுகிய வழி விட்டு, அவ்வழியில் டர்பைனை வைத்துவிட்டால், காற்றின் போக்கும் வரவும் அதனைச் சுழற்றும். கொல்லன் துருத்தியை அறிந்தவர்க்கு இது புதிதன்று. துருத்தியை இழுப்பவன் இடத்தில் கடல் நிற்கிறது.

காற்றை இடையில் கொண்டுவருவது ஏன் என்று கேட்கலாம். கடல்நீர் பேரெடையுடன் மெதுவாக அசைவது. ஜெனரேட்டரோ விரைந்த சுழற்சியை வேண்டுவது. பற்சக்கரங்களைக்கொண்டு வேகத்தைப் பெருக்கலாம். ஆயின் உப்புநீரில் பற்சக்கரம் நெடுநாள் நில்லாது. அகன்ற அறையிலிருந்து காற்றைக் குறுகிய வழியே செலுத்தினால், பரப்பு எத்தனை மடங்கு குறைகிறதோ, ஏறத்தாழ அத்தனை மடங்கு வேகம் மிகுகிறது. தேய்ந்துபோகும் உறுப்பு எதுவுமில்லாத வேகமாற்றி இது. நீருக்குள் அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை என்பதும் பழுதுபார்ப்போருக்குப் பெரும் வசதி.

விழிஞத்துப் பெட்டி 1990 டிசம்பரில், ஏறத்தாழ 10 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், கற்படுகையின்மேல் அமர்த்தப்பட்டது. அலைதடுப்புச் சுவரிலிருந்து நிலையத்துக்குச் செல்லப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. பெட்டியின் முகப்பில் இருபுறமும் கடலை நோக்கி நீண்ட சுவர்கள் இருந்தன. இவற்றின் பயனை அறிய ஊசலின் விதியை நினைவுகூர்தல் வேண்டும். 10 மீட்டர் நீளமுள்ள நீர்த்தம்பம் தானே ஆடிக்கொள்ளும் காலம், 10 மீட்டர்க் கயிற்றில் தொங்கும் ஊசலின் காலத்தைப்போலவே, ஏறத்தாழ 6.3 விநாடி. வந்து மோதும் அலைகளோ பெரும்பாலும் அதனினும் நீண்ட காலமுடையவை. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசையத் தள்ளினாலன்றி உயரச் செல்லாது என்பதைச் சிறுவரும் அறிவர். நீண்ட சுவர்கள் தமக்கிடையேயுள்ள நீரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதால், தம்பம் இசைந்து ஆடத்தக்க அலைகளின் வரிசை விரிவடைகிறது.

எத்திசையில் ஊதினும் ஒரே பக்கம் சுழலும் டர்பைன்

காற்று ஒருமுறை வெளியேயும் மறுமுறை உள்ளேயும் பாய்கிறது. சாதாரணக் காற்றாடியை அவ்வழியில் வைத்தால், ஐந்து விநாடி ஒரு பக்கமும் ஐந்து விநாடி மறுபக்கமுமாகச் சுழல முயன்று, எதனையும் உருப்படியாகச் செய்யாது. ஜப்பானில் யோஷியோ மசுடா என்பவர் கடல்வழி காட்டும் விளக்கு மிதவைகளுக்கு அலைமின்சாரம் அமைத்தபோது, கதவுகளைப் பொருத்திக் காற்றை ஒரே திசையில் திருப்பினார். சிறு மிதவைக்கு அது போதும். பெரிய நிலையத்தில் நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடவேண்டிய கதவு விரைவில் சிதைந்துவிடும்.

இச்சிக்கலுக்கு 1970-களில் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் வெல்ஸ் அழகிய தீர்வு ஒன்று கண்டார். ஆகாயவிமான இறக்கையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் வடிவில் வேறுபடுவது வழக்கம். வெல்ஸ் இருபுறமும் ஒத்த வடிவமுள்ள இதழ்களை எடுத்து, சுழலும் தளத்திலேயே சாய்வின்றிப் பதித்தார். சுழன்றுகொண்டிருக்கும் இதழுக்கு, காற்று எப்பக்கத்திலிருந்து வந்தாலும் சற்று முன்னிருந்து சரிந்து வருவதாகவே அமையும். அதனால் எழும் தூக்குவிசையின் ஒரு பகுதி இதழை முன்னோக்கியே தள்ளுகிறது. கதவும் வேண்டா, இதழைத் திருப்பும் பொறியும் வேண்டா. விழிஞத்தில் முதலில் அமைக்கப்பெற்றது 2 மீட்டர் விட்டமுள்ள இத்தகைய டர்பைனே.

இதற்குக் குறைகளும் உண்டு. நின்றிருக்கும் வெல்ஸ் டர்பைன் தானே எழுந்து வேகம் பெறுவது அரிது; முதலில் மோட்டாரால் சுழற்றிவிடவேண்டும். காற்றின் வேகம் ஓரளவுக்கு மேல் போனால், காற்றோட்டம் இதழின் முதுகைவிட்டு விலகி, தூக்குவிசை திடீரெனக் குன்றிவிடும். கடல் மிகுதியாக அளிக்கும் வேளையிலேயே யந்திரம் வாங்க மறுக்கிறது. முன்னே கூறிய ஒன்பது மடங்கு இங்கே மீண்டும் குறுக்கிடுவதைக் காணலாம்.

1996-ல் ஒரு பெரிய டர்பைனுக்கு மாற்றாகச் சிறிய டர்பைன்கள் இரண்டு இணைக்கப்பெற்றன. பின்னர் இந்நிலையத்தின் பணிகளை மேற்கொண்ட தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனம் (சென்னையில் 1993-ல் தோன்றியது), இருபுறமும் வழிகாட்டும் தகடுகளைக் கொண்ட ‘இம்பல்ஸ்’ வகை டர்பைனை அங்கே பொருத்திச் சோதித்தது. இவ்வகை டர்பைன் மெதுவாகச் சுழல்வது, தானே புறப்படுவது, காற்றின் வேகம் பெரிதும் ஏறியிறங்கினும் தளராது உழைப்பது. உண்மைக் கடலில், முழு அளவுள்ள நிலையத்தில், இருவகை டர்பைன்களையும் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அக்காலத்தில் உலகில் வெகு சிலருக்கே கிட்டியது. விழிஞத்தில் கண்ட அளவுகள் வெளிநாட்டு ஆராய்ச்சி ஏடுகளிலும் இடம்பெற்றன.

கொடுத்து வாங்கும் மின்நிலையம்

விழிஞத்து மின்சாரம் கேரள மாநில மின்சார வாரியத்தின் வலையில் சேர்க்கப்பட்டது. இதற்கு முதலில் பயன்பட்டது இண்டக்ஷன் வகை ஜெனரேட்டர். கிராமத்துப் பம்புசெட்டிலுள்ள மோட்டாரும் இவ்வகையதே. ஆறு துருவங்களைக் கொண்ட இத்தகைய யந்திரத்தை 50 சைக்கிள் மின்வலையில் இணைத்தால், நிமிடத்துக்கு 1000 சுற்று என்பது அதன் எல்லைக்கோடு. வெளிவிசையொன்று அதனை 1000-க்கு மேல் சுழற்றினால் அது மின்சாரத்தை வலைக்குள் அனுப்பும். வேகம் 1000-க்குக் கீழ் இறங்கினால் அதே யந்திரம் மோட்டாராக மாறி வலையிலிருந்து மின்சாரத்தை இழுக்கும்.

காற்றறையில் ஒவ்வோர் அலைக்கும் இருமுறை காற்று திசைமாறுகிறது. திசைமாறும் கணத்தில் அதன் வேகம் சூனியம். ஆகவே சில விநாடி மின்சாரம் கொடுப்பதும் சில விநாடி வாங்குவதுமாக நிலையம் இயங்க நேர்ந்தது. கடல் நன்கு எழும் மாதங்களில் கொடுத்தது மிகுந்தது. ஓய்ந்த கடலிலோ, வாங்கியது கொடுத்ததை விஞ்சிவிடக்கூடும். மின்நிலையமே மின்சாரத்தின் நுகர்வோராகிவிடும் விந்தை அது. விழிஞம் ஏன் மூடப்பட்டது என்று வினவுவோருக்கு முதலில் கூறத்தக்க காரணம் இதுவே. கடலில் சக்தி குறைந்துவிடவில்லை. ஒரே ஒரு அறையிலிருந்து வரும் துடிப்பு மின்சாரம், சீரான மின்சாரத்தை நாடும் வலைக்கு இசைந்துவரவில்லை.

ஸ்பெயின் நாட்டின் முத்ரிகு என்னும் ஊரில் 2011-ல் திறக்கப்பெற்ற நிலையத்தை இதனோடு ஒப்பிடலாம். அங்கும் அலைதடுப்புச் சுவர், நீர்த்தம்பம், காற்று டர்பைன் என்னும் அதே முறைதான். அங்கே சுவருக்குள் பதினாறு டர்பைன்கள் வரிசையாக உள்ளன. மொத்த உச்சத்திறன் 296 கிலோவாட். ஓர் அறை இளைக்கும்போது மற்றோர் அறை ஈடுசெய்வதால் துடிப்பு தணிகிறது. அன்றியும், துறைமுகத்துக்கு எப்படியும் கட்டவேண்டிய சுவரே மின்நிலையத்துக்கும் இடமளித்ததால் கட்டடச் செலவும் பகிரப்பட்டது. விழிஞத்தில் சோதனைக்கென ஒரே பெட்டி தனியே நிறுவப்பட்டது. சோதனைநிலையமொன்றை வணிகத் தராசில் நிறுப்பது முறையன்று என்பது எம் கருத்து.

உப்பும் இரும்பும்

மற்றொரு காரணம் பொருள்களைப் பற்றியது. கடலுக்குள் முழுதும் மூழ்கிய இரும்பைவிட, அலை தெறிக்கும் உயரத்திலுள்ள இரும்பே விரைவில் அழிகிறது. அங்கே உப்பு, ஈரம், பிராணவாயு மூன்றும் ஒருங்கே கிட்டுகின்றன. நனைந்தும் காய்ந்தும் மாறுவதால் உப்பு மேன்மேலும் செறிகிறது. காங்கிரீட் தன் காரத்தன்மையால் உள்ளிருக்கும் கம்பியைக் காக்கும். குளோரைடு நுண்துளைகள் வழியே ஊடுருவிக் கம்பியைத் தொட்டுவிட்டால் அக்காப்பு முறிகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பதால் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடற்கரையூர்களில் கழுவாத கடல்மணலைக்கொண்டு கட்டிய வீடுகளின் கூரை சில ஆண்டுகளிலேயே பெயர்ந்து விழுவதும் இதனாலேயே. சிமெண்டின் ஒரு பகுதிக்கு ஈடாக நிலக்கரிச் சாம்பலையோ இரும்பாலைக் கசடையோ சேர்ப்பது நுண்துளைகளைக் குறைத்து இவ்வூடுருவலை மந்தப்படுத்துகிறது. வீணாகும் கழிபொருளுக்குப் பயன் கிடைப்பதும், சிமெண்ட் சூளையின் எரிபொருள் மிச்சப்படுவதும் கூடுதல் நன்மைகள்.

டர்பைன் இதழ்களுக்கும் உப்பு பகையே. வழுவழுப்பான பரப்பில் உப்புப் படிந்து சொரசொரப்பானால் தூக்குவிசை குறைகிறது. புயலைப் பற்றியோ கூறவே வேண்டியதில்லை. நார்வே நாட்டில் 1985-ல் கட்டப்பெற்ற 500 கிலோவாட் நீர்த்தம்ப நிலையம் ஒன்றின் எஃகுக் கோபுரத்தை 1988 டிசம்பரில் ஒரே புயல் பெயர்த்தெறிந்துவிட்டது. அதனோடு ஒப்பிடுங்கால், விழிஞத்துப் பெட்டி இருபது பருவமழைகளைத் தாங்கி நின்றமை சிறிய செய்தியன்று.

மின்சாரத்தை விட்டுக் குடிநீர்

தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனத்தார் பின்னர் கேள்வியையே மாற்றிக் கேட்டனர். சீரற்ற மின்சாரத்தை வலைக்கு ஏற்பத் திருத்துவதைவிட, சீரின்மையைப் பொறுத்துக்கொள்ளும் வேலை ஒன்றை அதற்குக் கொடுத்தால் என்ன? கடற்கரையில் எப்போதும் தட்டுப்பாடானது நன்னீர். நீரைத் தொட்டியில் சேமிக்கலாம். இன்று மிகுந்ததை நாளை பருகலாம். 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அலையால் கிட்டிய மின்சாரத்தை மின்கல அடுக்கின் வழியே செலுத்தி, நாளொன்றுக்கு 10,000 லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் அமைப்பு விழிஞத்தில் இயக்கப்பட்டது.

உப்பை விலக்கி நீரை மட்டும் கசியவிடும் சவ்வின் ஊடே கடல்நீரை அழுத்திச் செலுத்துவது இம்முறை. கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் ஏறத்தாழ 27 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். நடைமுறையில் அதைப்போல் இருமடங்கு அழுத்தம் தரவேண்டியுள்ளது. சிறு நிலையத்தில் 1,000 லிட்டருக்கு 8 யூனிட் செலவாகும் எனத் தாராளமாகவே கொள்வோம். 10,000 லிட்டருக்கு 80 யூனிட். இருபத்து நான்கு மணி நேரத்தில் பகிர்ந்தால் 3.3 கிலோவாட்தான் வருகிறது. 150 என்று தொடங்கிய எண் 3.3 என இறங்கியதைக் கண்டு சிலர் நகைக்கக்கூடும். ஓய்ந்த கடலிலும் எட்டத்தக்க அளவு இது. ஒருவருக்கு நாளொன்றுக்குப் பருகவும் சமைக்கவும் 10 லிட்டர் எனக் கொண்டால், ஆயிரம் பேருக்குப் போதுமான நீர்.

இந்நிறுவனம் லட்சத்தீவின் கவரத்தியில் 2005-ல் வேறொரு வழியில் நன்னீர் நிலையம் அமைத்தது. கடலின் மேற்பரப்பிலுள்ள வெப்பநீரைத் தாழ்ந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து எடுத்த குளிர்நீரால் அவ்வாவியைக் குளிர்வித்து, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் பெறும் முறை அது. அலைகளைப் பற்றிய ஆராய்ச்சியும் நின்றுவிடவில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2022 நவம்பரில் தூத்துக்குடிக் கரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் அப்பால் ‘சிந்துஜா-1’ என்னும் மிதவைக் கருவியை இறக்கிச் சோதித்தனர். அதன் திறன் 100 வாட். கடலில் தனித்து மிதக்கும் அளவுகருவிகளுக்கு மின்சாரம் அளிப்பதே அதனிடம் எதிர்பார்க்கப்பட்ட பணி. அங்கே மின்கம்பி செல்லாது, மின்கலம் மாற்றப் படகு செல்லவேண்டும் என்பதால் 100 வாட்டுக்கும் மதிப்பு மிகுதி.

வகுப்பறையில் செய்து காட்ட

இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் அடியை வெட்டி நீக்கி, மூடியையும் கழற்றிவிடுக. வாளியில் நீர் நிரப்பி, பாட்டிலின் வெட்டிய பக்கம் நீரில் மூழ்குமாறு நிமிர்த்திப் பிடித்து, மேலும் கீழுமாக அசைக்கவேண்டும். இங்கே நீர் நிற்கப் பாட்டில் அசைகிறது, கடலில் பாட்டில் நிற்க நீர் அசைகிறது, விளைவு ஒன்றே. வாயில் மெல்லிய காகித நாடா ஒன்றைத் தொங்கவிட்டால், காற்றின் போக்கும் வரவும் தெரியும். பாட்டிலின் விட்டம் 10 சென்டிமீட்டர், வாயின் விட்டம் 2 சென்டிமீட்டர் எனில், பரப்பு 25 மடங்கு குறைகிறது; பாட்டிலை விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் அழுத்தினால் வாயில் காற்று விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாயும் என்பதை மாணவரே கணக்கிடலாம்.

அடுத்துக் காகிதக் காற்றாடியை வாய்க்கு நேரே பிடித்தால் வியப்பொன்று காணலாம். அழுத்தும்போது காற்றாடி சுழலும். தூக்கும்போது எதிர்ப்பக்கம் சுழலும் என்று எதிர்பார்த்தால் அது ஏறக்குறைய அசையாதிருக்கும். பரிசோதனை பிழைத்துவிட்டது என்று ஆசிரியர் கருதவேண்டா. வெளியேறும் காற்று தாரையாகப் பாய்கிறது. உட்புகும் காற்றோ எல்லாத் திசையிலிருந்தும் சிறிது சிறிதாக வந்து சேர்கிறது. மெழுகுவத்தியை ஊதி அணைக்க முடிகிறது, உறிஞ்சி அணைக்க முடிவதில்லை என்பதும் இதுவே. வாயின்மேல் குழாய்த்துண்டு ஒன்றைப் பொருத்தி, சிறு காற்றாடியைக் குழாய்க்குள் சுழலவிட்டால், இருதிசைச் சுழற்சியையும் காணலாம். வெல்ஸ் டர்பைன் எதற்காக வேண்டியிருந்தது என்பதை மாணவர் அப்போது தாமே உணர்வர்.

கடலுக்கு அருகிலுள்ள பள்ளியாயின் அளவெடுத்தலையும் மேற்கொள்ளலாம். மீன்பிடித் துறைமுகத்தில் நீருக்குள் நிற்கும் தூண் ஒன்றில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வர்ணக்கோடுகள் இடத் துறைமுக அலுவலரின் அனுமதி பெறவேண்டும். தூண், சுவரின் கடற்புறத்தை நோக்கி நிற்பதாக இருத்தல் அவசியம். உட்புறத்தில் அலை அடங்கிவிடும். ஒருவர் முகட்டையும் பள்ளத்தையும் வாசிக்க, மற்றொருவர் எழுதிக்கொள்ள, மூன்றாமவர் கடிகாரத்தைக்கொண்டு இருபது முகடுகள் கடக்கும் காலத்தைக் குறிக்கவேண்டும். முதல் முகட்டைச் சூனியம் என்று எண்ணத் தொடங்காவிடில், காலம் பத்தொன்பது அலைகளுக்கே உரியதாகிவிடும். பெரியவர்களும் இங்கே தவறுவதுண்டு. அறுபது அலைகளின் உயரத்தை எழுதி, அவற்றில் உயர்ந்த இருபதின் சராசரியை எடுத்து, முன்கூறிய கணக்கின்படி திறனைக் காண்க. வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளை வரைபடமாகக் குறித்துவந்தால், மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடையிலுள்ள வேற்றுமை தாளிலேயே தெரியும். சுவரின்மேல் தெறிப்பு ஏறும் நாளிலும், கள்ளக்கடல் அறிவிப்புள்ள நாளிலும் மாணவரை அழைத்துச் செல்லாது, அந்நாளுக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டு, காரணத்தை ஓரத்தில் எழுதிவைத்தல் வேண்டும்.